கரிசல் மனையில் செயற்கைப் புல்: இணைப்பு பிளந்து, தரை பள்ளமாகிவிட்டது

மானூர்ச்சாலை | ஜூன் 6, இரவு 9.10

திருநெல்வேலி தச்சநல்லூருக்கு வடக்கே, சங்கரன்கோவில் சாலையை ஒட்டிய புது மனைப்பிரிவில் எங்கள் வீடு. மண் கரிசல். வாசலுக்கு முன்னால் முப்பதுக்கு இருபது அடி இடத்தில் போன தை மாதம் செயற்கைப் புல் பதித்தோம். அப்போது ஒரு குறை சொல்ல முடியாது. சித்திரை பிறந்ததும் கதை மாறிவிட்டது. இரண்டு சுருள்கள் சேருகிற இணைப்பு மூன்று விரல் அகலத்துக்குப் பிளந்து, அடியிலுள்ள கறுப்பு நாடா தெரிகிறது. வேப்பமரத்துப் பக்கம் தரை இறங்கிவிட்டது. ஓரத்து ஆணிகள் எழும்பி நின்று பிள்ளைகளின் காலைக் குத்துகின்றன. இது போதாதென்று, மாடி ஜன்னலுக்கு எதிரே ஓரிடத்தில் புல் உருகித் தடித்துப்போயிருக்கிறது.

பதித்தவரைக் கூப்பிட்டால், "பசை விட்டுவிட்டது, மறுபடி ஒட்டி ஆணியைக் கூடுதலாக அடித்துவிடலாம்" என்கிறார். அதற்குத் தனிப் பணமாம். ஒட்டினால் நிற்குமா?

கேடிசிநகர்க்காரி | ஜூன் 6, இரவு 9.32

நிற்காது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் ஒட்டினார்கள். ஒட்டிய இடம் அப்படியே இருந்தது, அதற்கு ஓரடி தள்ளிக் கிழிந்தது. முதலில் ஒரு மூலையைப் பிரித்து, கீழே என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். புல்லைப் பற்றிப் பேசுவது அதற்கப்புறம்தான்.

மானூர்ச்சாலை | ஜூன் 7, காலை 7.15

பிரித்துப் பார்த்தேன். புல்லுக்கு அடியில் ஒரு பாலித்தீன் தாள். அதற்குக் கீழே இரண்டு விரல் கனத்துக்கு எம் சாண்ட். அதற்குக் கீழே நேராகக் கரிசல், ஜல்லி என்று ஒரு கல் கூட இல்லை. மண் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. ஒரு வெடிப்பில் விளக்குமாற்று ஈர்க்கை விட்டேன், முழு ஈர்க்கும் உள்ளே போய்விட்டது. வெடிப்பின் உதட்டில் எம் சாண்ட் சரிந்து இறங்கிய தடம் தெரிகிறது. பள்ளம் விழுந்த இடங்களில் மணல் எங்கே போனது என்று இப்போது புரிகிறது.

வள்ளியூர் செம்மண் | ஜூன் 7, காலை 8.02

எங்கள் வீட்டிலும் மணல்மேல்தான் பதித்தார்கள். நான்கு கோடை பார்த்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லையே?

பழைய ஓவர்சியர் | ஜூன் 7, காலை 10.40

வள்ளியூர்க்காரருக்கு முதலில் பதில். உங்கள் செம்மண் நனைந்தாலும் காய்ந்தாலும் பெரிதாக அளவு மாறாது. கரிசல் மாறும். அதில் மாண்ட்மொரில்லோனைட் வகைக் களிக்கனிமம் அதிகம். அந்தக் கனிமத்தின் அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் வீங்கும், தண்ணீர் வெளியேறினால் சுருங்கும். கார்த்திகையில் உப்பிய தரை வைகாசியில் இறங்கி வெடிக்கும். இந்தப் பக்கத்துக் கட்டடக்காரர்கள் கரிசலில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது, அடியிலுள்ள கெட்டியான சுக்கான் பாறை தட்டும்வரை விடாமல் போவது இதனால்தான்.

மானூர்ச்சாலைத் தம்பி, உங்கள் வீட்டில் நடந்தது இது. தை மாதம் மண் ஈரம் குடித்து உப்பியிருந்த நேரம். அதன்மேல் புல்லை இழுத்துப் பிடித்து நான்கு ஓரமும் ஆணி அடித்துவிட்டார்கள். கோடையில் வெடிப்பு விரிய விரிய, ஆணியோடு சேர்ந்து புல்லும் இழுபட்டது. இழுப்புக்கு இடம் கொடுக்கக்கூடியது இணைப்பு ஒன்றுதான், அது கொடுத்துவிட்டது. பசையைக் குறை சொல்லி ஆவது ஒன்றுமில்லை.

பாலித்தீன் தாள் தனிக் கேடு. புல்லின் முதுகில் துளைகள் இருப்பது தண்ணீர் கீழே இறங்குவதற்காக. இறங்கிய தண்ணீரைத் தாள் தடுத்து ஓரத்துக்குத் தள்ளுகிறது. ஓரம் நனைந்து வீங்குகிறது, நடுவுக்கு அந்தத் தண்ணீர் போவதில்லை. ஆணிகள் எழும்பியது அந்த ஓர வீக்கத்தில்தான். களை வராமல் இருக்கத் தாள் போட்டேன் என்பார்கள். அதற்கு உரியது தண்ணீரை விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி.

மண் எவ்வளவு வீங்கும் என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். மண்ணை உலர்த்திப் பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக எடுத்து, 100 மில்லி அளவுக் குழாய் இரண்டில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். ஒரு நாள் முழுக்க விடுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது. மண்ணெண்ணெயில் 10 மில்லி, தண்ணீரில் 18 மில்லி என்று மண் படிந்திருந்தால் வீக்கம் 80 சதவீதம். 50க்குக் கீழே என்றால் கவலை குறைவு. 100ஐத் தாண்டினால் அடித்தளத்தில் கை வைக்காமல் எந்தப் பழுதும் பார்க்க வேண்டாம். வேளாண்மைத் துறை தரும் மண்வள அட்டை தழைச்சத்து, மணிச்சத்து சொல்லும், இதைச் சொல்லாது.

அருகம்புல் | ஜூன் 7, பகல் 12.20

இவ்வளவு பாடு எதற்கு? பிடுங்கிப் போட்டுவிட்டு அருகம்புல் வையுங்கள். கரிசல் வெடித்தாலும் அருகம்புல் சாகாது, ஒரு மழைக்குத் திரும்பத் தழைக்கும். பாளையங்கோட்டையில் காற்று 40 டிகிரி இருக்கிற நாளில் வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் புல்லின் மேற்பரப்பு 65, 70 டிகிரிக்குப் போகும். வெறுங்காலோடு நிற்க முடியாது. தண்ணீர் தெளித்தால் குளிரும், கொஞ்ச நேரத்தில் பழைய கதைதான். நாரெல்லாம் வெயிலில் நொறுங்கித் தூளாகி மண்ணில் கலக்கிறது என்பது வேறு.

மானூர்ச்சாலை | ஜூன் 7, பகல் 1.05

அண்ணாச்சி, நீங்கள் சொல்வதில் தப்பில்லை. எங்கள் பகுதிக்கு இன்னும் ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வரவில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, கோடையில் அதுவும் முக்கி முனகி வருகிறது. பிள்ளைகள் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் வெளியே வருவார்கள். வாங்கிய புல் நன்றாகத்தான் இருக்கிறது, அதைக் குப்பைக்கு அனுப்ப மனம் வரவில்லை. ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு எங்களுக்குப் பக்கம்தான், அங்கே சேர்வதெல்லாம் தினமும் கண்ணில் படுகிறது.

அருகம்புல் | ஜூன் 7, பகல் 1.30

கடைசி வாக்கியத்துக்காக ஒத்துக்கொள்கிறேன். இருக்கிறதைப் பழுது பார்த்து உழைக்க வையுங்கள். புதிதாக வாங்கப் போகிறவர்கள் மட்டும் என் பேச்சைக் கேட்டால் போதும்.

டர்ஃப் நடத்துபவன் | ஜூன் 7, இரவு 11.48

ரெட்டியார்பட்டிப் பக்கம் கிரிக்கெட் டர்ஃப் நடத்துகிறேன். கடைசி ஆட்டம் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். அடித்தளத்தை ஓவர்சியர் ஐயா பார்த்துக்கொள்வார். மேல்வேலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

இணைப்பை மறுபடி ஒட்டும்போது பழைய விளிம்பை அப்படியே சேர்க்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஓரத்து இரண்டு மூன்று வரிசை நாரை முதுகுப்பக்கமிருந்து நேராக வெட்டி எடுத்துவிடுங்கள். நார் சாயும் திசை இரண்டு துண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் பகலில் ஒரு பக்கம் வெளுப்பாகவும் மறுபக்கம் கருப்பாகவும் தெரியும். அடியில் ஓரடி அகல நாடா, ரெண்டு டப்பா கலந்து போடும் பாலியூரித்தேன் பசை. பல்வைத்த கரண்டியால் இழுங்கள். இரண்டு விளிம்புக்கும் நடுவே ஒரு தீக்குச்சி கனம் இடைவெளி விடுங்கள். நெருக்கி ஒட்டினால் மதிய வெயிலில் மேடு தட்டும்.

நேரம் முக்கியம். நம் ஊர் வைகாசி மதியத்தில் அந்தப் பசையைக் கலந்தால் டப்பாவிலேயே இறுகிவிடும். வெயில் தாழ்ந்து ஆரம்பித்து, ஒட்டிய இடத்தில் மணல் மூட்டையை வரிசையாகப் போட்டு, விடியும்வரை தொடாதீர்கள். புல்லை அளந்து வெட்டுவதும் காலையில்தான். மதியச் சூட்டில் அது நீண்டு கிடக்கும், அப்போது அளந்து வெட்டினால் இரவில் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விழும்.

உருகிய இடம்: அது வெயில் செய்த வேலையில்லை, உங்கள் ஜன்னல் கண்ணாடி செய்த வேலை. நீலமாக மின்னுகிற பிரதிபலிப்புக் கண்ணாடிதானே? அது கொஞ்சம் உள்வளைந்திருந்தாலும் வெயிலைக் குவித்து ஒரே கோட்டில் தள்ளும். புல் உருகியிருப்பது வில் மாதிரி வளைந்த பட்டையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். வெளிப்பக்கம் நிழல்வலை கட்டுங்கள், அல்லது எதிரொளிக்காத ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். அதைச் செய்யாமல் புல்லை மாற்றினால் அடுத்த பங்குனியில் அதே இடத்தில் அதே பட்டை.

ஒட்டுப்போடும் துண்டை வீட்டில் மிச்சமிருக்கும் புதுச் சுருளிலிருந்து வெட்டாதீர்கள். வெயில் படாத துண்டு பச்சையாகத் துருத்திக்கொண்டு தெரியும். துவைகல் பக்கமோ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ கண்ணில் படாத மூலை இருக்கும். அங்கிருந்து வெளுத்த புல்லை வெட்டி இங்கே வையுங்கள், புதுத் துண்டை அந்த மூலைக்குக் கொடுங்கள்.

கேடிசிநகர்க்காரி | ஜூன் 8, காலை 6.50

அந்தத் துவைகல் யோசனைக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு தம்பி.

கோரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் வீட்டில் இணைப்பைவிட அதுதான் பெரும் தொல்லை. மனை முன்பு வயலாக இருந்தது. முளை ஊசியாக வந்து புல்லின் முதுகைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கி, ஒன்று நான்காகிறது.

பழைய ஓவர்சியர் | ஜூன் 8, காலை 9.15

கிழங்குக்கோரைக்கு ஜியோடெக்ஸ்டைலும் முழுக் காவல் இல்லை அம்மா, நெசவில்லாத கனத்த துணியானால் கொஞ்சம் தாமதப்படுத்தும். பழுதுக்குத் தோண்டும்போதே மண்ணைச் சலித்துக் கிழங்கைப் பொறுக்கிவிடுவதுதான் வழி. பத்தமடையில் பாய் நெய்கிற கோரை இதற்குப் பங்காளிதான். அந்தப் பங்காளியாவது சோறு போடுகிறான்.

சிந்துபூந்துறை | ஜூன் 8, காலை 11.20

கோரை பரவாயில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுச் செயற்கைப் புல் முழுக்க ஆற்று வண்டலுக்குள் போய்விட்டது. ஈரத்தோடு குழாய் வைத்து அடித்தவர்களுக்கு வண்டல் துளைகளுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டது. நாங்கள் நன்றாகக் காயவிட்டு, கட்டைத் துடைப்பத்தால் நாருக்கு எதிர்ப்பக்கமாகத் தேய்த்து, தூளை உறிஞ்சும் இயந்திரத்தால் எடுத்தோம். அதற்கப்புறம்தான் தண்ணீர். புல் பிழைத்தது, அடியில் இருந்த மணல் பிழைக்கவில்லை.

பழைய ஓவர்சியர் | ஜூன் 8, பகல் 12.05

அந்த மழையைக் கணக்கில் வைத்து வாசலைக் கட்ட முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நாம் ஐப்பசி அடைமழைக்கு வடிகால் வைத்தால் போதும்.

சரி, அடித்தளத்துக்கு வருவோம். ஐஐடி மும்பையில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி கரிசலைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர். வீங்காத, ஒட்டுந்தன்மையுள்ள மண்ணைக் கரிசலின்மேல் ஒரு மீட்டர் கனத்துக்குப் பரப்பினால் கீழுள்ள வீக்கம் அடங்கும் என்று காட்டினார். வாய்க்கால் கட்டுமானத்தில் அதைப் பின்பற்றுகிறார்கள். வாசல் புல்லுக்கு ஒரு மீட்டர் தோண்டச் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். ஆகவே நடுவழி: சுண்ணாம்பு.

ஓரடி ஆழம் தோண்டி எடுங்கள். அடியில் ஆறு அங்குலக் கனத்துக்குத் தோண்டிய கரிசலையே கட்டியில்லாமல் உடைத்து, உலர் மண் 100 கிலோவுக்கு நீற்றிய சுண்ணாம்பு 4 முதல் 6 கிலோ வரை கலந்து, தண்ணீர் தெளித்துப் புரட்டி, ஒரு நாள் ஊறவிட்டுத் திமிசு போட்டு இடித்து இறுக்குங்கள். சுண்ணாம்பு களிமண்ணின் குணத்தையே மாற்றிவிடும். வழவழப்பு போய்ப் பொலபொலவென்று ஆவதைக் கையிலேயே உணரலாம். உங்கள் அறுநூறு சதுர அடிக்குச் சுண்ணாம்பு மட்டும் ஏறக்குறைய அறுநூறு கிலோ ஆகும். கண்ணில் தெறித்தால் பார்வை போகும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஆளை இறக்காதீர்கள். மண்ணில் ஜிப்சம் படிகம் மினுக்கினால் வேலையை நிறுத்திவிட்டு என்னிடம் சொல்லுங்கள். சல்ஃபேட் இருக்கும் மண்ணில் சுண்ணாம்பு போட்டால் தரை இன்னும் மோசமாக உப்பும்.

அதன்மேல் துணி, துணிமேல் நான்கு அங்குலம் ஜல்லி, அதன்மேல் ஓரங்குலம் பாறைத்தூள். வீட்டிலிருந்து வெளியே நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டம். மாடித் தண்ணீர்க் குழாய் இப்போது எங்கே விழுகிறது? புல்லின் பக்கம் விழுந்தால் முதலில் அதைத் திருப்புங்கள்.

ஜல்லிக்கடை | ஜூன் 8, மாலை 4.30

கணக்கு நான் தருகிறேன். அறுநூறு சதுர அடிக்கு நான்கு அங்குலம் என்றால் இருநூறு கன அடி, இரண்டு யூனிட். திமிசில் இறுகும் என்பதால் இரண்டரையாகச் சொல்லுங்கள். முக்கால் ஜல்லியை மட்டும் வாங்கினால் இடுக்கு நிறைய விழும், அரை அங்குல ஜல்லியும் தூளும் கலந்து கேளுங்கள். பாறைத்தூள் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதல்.

ஒரு எச்சரிக்கை. நாருக்கு இடையில் தூவ மணல் வேண்டும் என்று சாத்தான்குளம் பக்கத்துச் செந்நிறத் தேரி மணலை ஒருவர் கொண்டுவந்து இறக்கியதைப் பார்த்தேன். மணல் என்னவோ நைசாகத்தான் இருக்கும். மழை பெய்ததும் அதன் செம்மை பிள்ளைகளின் உடுப்பிலும் திண்ணையிலும் ஏறியது. கழுவி உலர்த்திய சிலிக்கா மணல், உருண்டை மணியாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எம் சாண்ட் முனை கூரானது, நாரை அறுக்கும்.

மானூர்ச்சாலை | ஜூன் 8, இரவு 8.40

ஐயா, இதற்குப் பதில் சிமெண்ட் தளம் போட்டு அதன்மேல் ஒட்டிவிட்டால் என்ன? வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பழைய ஓவர்சியர் | ஜூன் 8, இரவு 9.00

கரிசல்மேல் நேராகப் போட்ட மெல்லிய தளம் கரிசலோடு சேர்ந்து வெடிக்கும். ஜல்லிப் படுகையும் கம்பியும் இணைப்புவெட்டும் வைத்துப் போட்டால் நிற்கும், செலவு இரட்டிப்பு. வெயிலைக் குடித்து இரவெல்லாம் சூட்டைக் கக்கும் என்பதையும் வீட்டில் சொல்லுங்கள்.

டர்ஃப் நடத்துபவன் | ஜூன் 9, அதிகாலை 12.30

எனக்கு ஒரு சந்தேகம் ஐயா. இப்போது மண் முழுக்கச் சுருங்கிக் கிடக்கிறது. இப்போதே சமன் செய்து புல்லை ஒட்டினால் ஐப்பசியில் உப்பித் தூக்காதா? தை வரை பொறுத்தால் என்ன?

பழைய ஓவர்சியர் | ஜூன் 9, காலை 8.10

நல்ல கேள்வி. தையில் ஒட்டியதன் லட்சணத்தைத்தான் இப்போது பார்க்கிறோமே. எந்த மாதத்தில் செய்தாலும் மண் ஒரு பக்கம் போகத்தான் செய்யும்.

தோண்டுவதும் சுண்ணாம்பு கலப்பதும் இப்போதுதான் முடியும். நனைந்த கரிசலில் மண்வெட்டியும் நகராது, ஆளும் நகரமாட்டான். தோண்டியதும் அடிமண்ணைச் சில நாள் விட்டு விட்டு நனைத்து, வெடிப்பு மூடிய பிறகு மேலே ஏற்றுங்கள். புல்லை இப்போது விரித்து மட்டும் வையுங்கள், ஆணியும் பசையும் வேண்டாம். ஒரு மழைக்காலம் போகட்டும். எங்கே இறங்குகிறதோ அங்கே பாறைத்தூள் போட்டு நிரப்பி, தையில் ஒட்டுங்கள்.

டர்ஃப் நடத்துபவன் | ஜூன் 9, காலை 8.25

ஒட்டாமல் விரித்து வைத்தால் ஆடிக்காற்று தூக்கிக்கொண்டு கயத்தாறில் போடும்!

ஜல்லிக்கடை | ஜூன் 9, காலை 8.31

மணல் மூட்டைகள் என்னிடம் இருக்கின்றன. ஓரம் முழுக்க அடுக்கிவிடலாம். ஆடி முழுக்கப் புழுதி வேறு வந்து படியும், ஒட்டாத புல்லைச் சுருட்டி உதறுவது எளிது.

மானூர்ச்சாலை | ஜூன் 21, மாலை 6.15

மண்ணெண்ணெய்க்கு அலைந்து ஒருவழியாகச் சோதனை செய்தேன். மண்ணெண்ணெயில் 10, தண்ணீரில் 21. அதாவது 110 சதவீதம். தோண்டும் வேலை முடிந்துவிட்டது, ஜிப்சம் மாதிரி எதுவும் மினுங்கவில்லை. மாடிக் குழாயைத் தெருவோர வடிகாலுக்குத் திருப்பியாயிற்று. சுண்ணாம்பு கலந்த மண்ணை இன்று கையில் எடுத்துப் பிசைந்தேன், விரலில் ஒட்டவேயில்லை. பதித்தவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் தேவையில்லாத வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். வேப்பமரத்துப் பக்கம்தான் அதிகமாக இறங்கியிருந்தது. வேர் ஈரத்தை உறிஞ்சுகிறது என்றால் மரத்தை எடுத்துவிடலாமா?

பழைய ஓவர்சியர் | ஜூன் 21, இரவு 7.50

எடுக்காதீர்கள். வேர் உறிஞ்சியதால் அந்த இடம் இறங்கியது உண்மைதான். மரத்தை வெட்டினால் அத்தனை நாள் உறிஞ்சிய ஈரம் மண்ணுக்குள் மெல்ல மெல்லத் திரும்பும். அந்த இடம் மட்டும் வருடக்கணக்கில் உப்பிக்கொண்டே போகும், வீட்டுச் சுவர் பக்கத்தில் இருந்தால் சுவரும் வெடிக்கும். புல்லின் எல்லையை மரத்திலிருந்து ஆறடி பின்னுக்குத் தள்ளி, நடுவில் மூன்றடி ஆழத்துக்குக் குறுகிய பள்ளம் வெட்டி, கனத்த பிளாஸ்டிக் தகடு இறக்கி மூடுங்கள். மரத்தடியை வெறும் மண்ணாக விடுங்கள். கோடையில் மரத்துக்கும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேடிசிநகர்க்காரி | ஜூன் 21, இரவு 8.05

வேப்பம்பழம் விழுந்து புல்லெல்லாம் பிசுபிசுக்கிற தொல்லையும் அதோடு குறையும்.

மானூர்ச்சாலை | ஜூன் 21, இரவு 8.20

சரி ஐயா, மரம் இருக்கட்டும். ஆறடி குறைத்தால் புல்லில் மிச்சத் துண்டும் கிடைக்கும், ஜன்னலுக்கு எதிரே ஒட்டுப்போட அதையே எடுத்துக்கொள்கிறேன், அதுவும் வெயிலில் வெளுத்ததுதானே. ஜல்லிக்கடை அண்ணாச்சி, இடம் குறைந்ததால் இரண்டு யூனிட் போதும். திங்கட்கிழமை காலையில் இறக்கிவிடுங்கள். திமிசு இயந்திரம் வாடகைக்கு உங்களிடமே இருக்கிறதா?

ஜல்லிக்கடை | ஜூன் 21, இரவு 8.26

இருக்கிறது. பெட்ரோல் உங்கள் செலவு.